மூன்றே முக்கால் மணி நேரம் ஞாபகம் வைத்திருந்த மேகம்

சித்திரை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, புனலூரிலிருந்து கணவாய் வழியாக வருகிற ஒன்பது இருபது பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு மேகமும் மலையிறங்கி வந்து, பஸ் கணவாய்ப்புதூர் நிலையத்தில் நின்றதும் தானும் நின்று, ஆட்கள் மூட்டை முடிச்சோடு இறங்கியதும் தானும் தரையில் இறங்கி, காஜா மைதீனின் டீக்கடைக்கும் நேரக்காப்பாளர் அறைக்கும் நடுவே கிடந்த காலியிடத்தில் அமர்ந்துகொண்டது. நடுத்தரமான கல்யாண மண்டபம் அளவு இருந்தது. நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளை. கண்டக்டர் கீழே இறங்கி அதை மேலும் கீழும் பார்த்தார். வண்டிக்குள் ஏறாத ஆளிடம் டிக்கெட் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதே நேரத்தில் வாகையடித் தெரு மாடிவீட்டு மொட்டைமாடியில் செண்பகவல்லி தன் கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேகத்தின் அடி எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று ஒளிக்கதிர் விட்டு அளக்கிற கருவி அது. இரண்டு வருஷமாக ஆயிரத்து இருநூறு மீட்டர், எண்ணூறு மீட்டர் என்று ஒழுங்காகச் சொல்லிவந்தது, அன்று காலையில் மூன்று நிமிஷம் பூஜ்யம் என்று சொன்னது. காக்கை எச்சமிட்டிருக்கும் என்று நினைத்துத்தான் துடைத்தாள். பிறகு தன் தலைமுடியும் ஜாக்கெட் தோளும் ஈரமாக இருப்பதையும், பஸ் நிலையத்துப் பக்கம் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு, துணியைக் கீழே போட்டுவிட்டு, செருப்பு மாட்டாமலே பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

செண்பகவல்லிக்கு நாற்பத்தொரு வயது. விருதுநகர்க்காரி. வடக்கே உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், உலகத்தின் வானிலை இன்னும் ஐம்பது வருஷத்தில் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிற பெரிய கணினி மாடலில், மேகத்துக்கு மட்டும் பொறுப்பாக இருந்தாள். மேகத்தை நேரில் அளக்கத்தான் இரண்டு வருஷமாகக் கணவாய்ப்புதூரில் வாடகைக்குக் குடியிருந்தாள். பதினோரு வருஷமாக அவளுக்கு அதே வேலை, பதினோரு வருஷமாக அதே தலைவலி. அந்த மாடல் பூமியை நூறு கிலோமீட்டர் நீள அகலக் கட்டங்களாக வெட்டி வைத்திருந்தது. கொல்லத்துக் கடற்கரையும் புனலூர் ரப்பர் தோட்டமும் மலையும் கணவாயும் கணவாய்ப்புதூரும் தென்காசியும் ஒரே கட்டத்துக்குள் ஒண்டிக்கொண்டு கிடந்தன. மேகமோ கல்யாண மண்டபம் அளவு. அந்தச் சின்ன உடம்பை அவ்வளவு பெரிய கட்டத்தில் எங்கே எழுதுவது? எழுத முடியாது. அதனால் கட்டத்துக்குள் எத்தனை வெக்கை, எத்தனை ஈரம் என்று பார்த்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இவ்வளவு மேகம் இருக்கும் என்று உத்தேசமாக ஓர் எண் போடுவார்கள். அரை மணி கழிந்ததும் பழைய மேகம் இருந்ததே தெரியாமல் அழிந்து, புதுசாக ஓர் எண் வரும். அப்படிப் போடப்போட, வெயில் உச்சிக்கு வந்ததுமே மாடலில் மழை கொட்டிவிடும். தினமும் பன்னிரண்டு மணிக்கு. ஊரில் மழை நாலு மணிக்கு.

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அந்த மாடலைப் பூட்டுவார்கள். பூட்டியபின் அதன் நிரலில் ஒரு வரியையும் தொட முடியாது. எந்த அணையை உயர்த்துவது, எந்தக் குளத்தைத் தூர்வாருவது என்று நாடு நாடாக அதைப் பார்த்துத்தான் திட்டம் போடுவார்கள். இந்த முறை மே பதினைந்தில் பூட்டு. மேகத்துக்கு ஞாபகம் கொடுத்தால், அதாவது முந்தின மேகம் விட்டுப்போன ஈரமும் குளிரும் அடுத்த மேகத்தின் கணக்கில் ஏறினால், மழை நாலு மணிக்கு வரும் என்று செண்பகவல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். நிலையத்தில் மாடலுக்குத் தலைவராக இருந்த எபநேசர் இரண்டு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

"ஞாபகம் சரிம்மா. எத்தனை நேரம் ஞாபகம்? ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கீங்களே, அது எங்கேருந்து வந்தது?"

"உத்தேசம் சார்."

"உத்தேசத்தை உலகம் பூரா ஓட விட முடியாதும்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது.

மேகம் ஊரோடு ஒட்டிக்கொள்ள மூன்று நாள் போதுமாக இருந்தது. முதல் நாள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள், சுற்றிப்போக நேரமில்லாதவர்கள் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது நல்லாயிருக்கே என்றார்கள். மூன்றாம் நாள் இஸ்திரிக்காரர் தன் வண்டியை அதன் ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை மிச்சம். கீரைக்காரிகள் கூடைகளை உள்ளே வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து கூவினார்கள், சாயங்காலம் வரை கீரை வாடவில்லை. பஸ் டிரைவர்கள் நிலையத்துக்குள் மட்டும் விளக்குப் போட்டு ஓட்டப் பழகினார்கள். பகல் பொழுதில் கண்ணுக்கு மறைவாகப் பேச இடமில்லாத அந்த ஊரில், மேகத்துக்குள் ஒருபக்கமாகப் போனவர்கள் ஜோடியாக மறுபக்கம் வந்தார்கள் என்றும், இரண்டு வீட்டில் கல்யாணப் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது என்றும் காஜா மைதீன் எல்லோரிடமும் சொன்னார். பள்ளிவாசலுக்கும் மாதா கோவிலுக்கும் முப்பிடாதியம்மன் கோவிலுக்கும் நாளுக்கு ஒன்று என்று மேகமே முறைவைத்துக்கொண்டதுபோலப் போய்வந்தது. யாரும் அதை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களை அப்படிக் கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை.

பேரூராட்சித் தலைவர் கோமதிநாயகத்துக்கு மட்டும் வேறு யோசனை இருந்தது. ஊர்க் குளம் வெடித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு, மேகத்தைக் குளத்துக்குக் கொண்டுபோய் மழையாக இறக்கிவிடுவது என்று தீர்மானம் எழுதச் சொன்னார். எழுதுவதற்கு முன்னால், படித்த ஆள் என்று செண்பகவல்லியையும் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவள் வெப்பமானியும் நோட்டுமாக மேகத்துக்குள்ளேயேதான் கிடந்தாள். வந்து நின்றபோது சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏம்மா, இதுல எவ்வளவு தண்ணி இருக்கும்? குளத்துல கால்வாசி நிரம்புமா?" என்றார் கோமதிநாயகம்.

"ஐயா, நான் அளந்து பாத்துட்டேன். முழுசா எடுத்தாலும் கால் குடம் தேறும்."

"கால் குடமா! இத்தாம் பெரிய உடம்புக்கா?"

"கண்ணுக்குத்தான் பெருசு ஐயா. எல்லாம் பொடிப்பொடியாத் தொங்கிட்டு நிக்குது."

பின்வரிசையிலிருந்து வாகையடித் தெரு முப்பிடாதி எழுந்தாள். "தலைவரும் பெரிய உடம்புதான். நம்ம தெருவுக்கு ஒரு பைப்பு வந்துச்சா?" என்றாள். கூட்டம் சிரித்து முடிக்க நேரமானது. தீர்மானம் எழுதப்படவில்லை.

முப்பிடாதிதான் செண்பகவல்லியின் வீட்டுக்காரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாகையடித் தெருவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து அப்பளம் போடுகிற குழுவுக்கு அவள் தலைவி. மொட்டைமாடியில் பாதி செண்பகவல்லியின் கருவிகளுக்கு, பாதி அப்பளத்துக்கு என்று வாடகை பேசும்போதே கோடு போட்டுக்கொண்டவர்கள் இருவரும். அந்தக் கோட்டைத் தாண்டி அவர்களுக்குள் பெரிதாகப் பேச்சு வளரவில்லை. ஒரே ஒரு தடவை, முப்பிடாதி கணினித் திரையை எட்டிப் பார்த்து, இது என்ன கோடு என்று கேட்டாள். மாடலில் மழை வருகிற நேரம் என்றாள் செண்பகவல்லி.

"பன்னெண்டு மணிக்கா? உங்க கம்ப்யூட்டருக்குள்ள அப்பளம் போட்டா ஒண்ணுகூடக் காயாதே!"

செண்பகவல்லி திரையை மூடினாள்.

சனிக்கிழமை காலை மேகம் பஸ் நிலையத்தை விட்டு எழுந்து, சோம்பல் முறித்து, வாகையடித் தெருவுக்குள் புகுந்தது. மாடிகளிலும் பாய்களிலும் காய்ந்துகொண்டிருந்த மூவாயிரம் அப்பளமும் ஈரத் துணிபோலத் தொய்ந்து போயின. பன்னிரண்டு பெண்களும் தெருவில் இறங்கி முறத்தால் விசிறினார்கள். நகரவில்லை. தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். புகை ஏற ஏற மேகம் இன்னும் வெளுத்து, இன்னும் தடித்து, எதிர்வீட்டுக் கதவே தெரியாமல் போயிற்று.

"அக்கா, புகை போடாதீங்க! புகைத்தூளைப் பிடிச்சிக்கிட்டுத்தான் அது பெருகும்!" என்று செண்பகவல்லி மாடியிலிருந்து கத்தினாள்.

"அப்போ என்ன போடச் சொல்லுதே? ஆரத்தியா?"

"வெறும் சூடு போடுங்க. புகையில்லாத சூடு."

தெருக்கோடியில் கடலை வறுக்கிற அந்தோணியம்மாள் இருந்தாள். அவளுடைய இரும்புச் சட்டியும் மணலும் வந்தன. மற்ற வீடுகளிலிருந்து கேஸ் அடுப்புகளும் சட்டிகளும் வந்தன. தெரு நெடுக ஆறு சட்டியில் மணல் கொதித்தது. கொதித்த மணலிலிருந்து சூடு எழும்ப எழும்ப மேகம் ஓரத்திலிருந்து கரைந்து, மெலிந்து, பின்வாங்கி, முறைத்துப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் தெருமுனையில் நின்று, பஸ் நிலையத்துக்கே திரும்பிப் போனது. அப்போது மணி ஒன்பதே கால். பெண்கள் கூச்சல் போட்டார்கள். சூடான மணல் வீணாகக் கூடாது என்று அந்தோணியம்மாள் கடலையைக் கொட்டி வறுத்து, தெருவுக்கே கொடுத்தாள்.

அடுப்பை அணைத்தார்கள். மணல் ஆறியது, தெரு பழையபடி ஆனது. பத்தரைக்கு மேகம் மறுபடியும் அந்தப் பக்கம் வந்தது. தெருமுனை வரை வந்து, நின்று, யாரும் விரட்டாமலேயே திரும்பி மார்க்கெட் ரோட்டில் நடந்தது. பதினொன்றரைக்கு வந்தது, திரும்பியது. ஒரு மணிக்குச் சில நிமிஷம் இருக்கும்போது வந்து, நிற்காமல், காலையில் ஒன்றுமே நடக்காததுபோலத் தெருவுக்குள் நுழைந்தது.

செண்பகவல்லி மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோட்டில் நேரத்தைக் குறித்தாள். மேகத்துக்கு ஞாபகம் இருந்தது, பிறகு இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவள் பதினோரு வருஷமாகத் தேடுகிற எண்.

அன்று மத்தியானமே முப்பிடாதியிடம் போய் நின்றாள். ஒரு தடவை பார்த்தது போதாது, தினமும் இரண்டு வேளை சூடு காட்டி அனுப்பி, அது மறந்துபோய்த் திரும்பி வருகிற நேரத்தைக் குறிக்க வேண்டும் என்றாள். வாசலில் மூன்று மூட்டை நமுத்த அப்பளம் கிடந்தது. முப்பிடாதியின் முகம் சிவந்தது.

"அதாவது, அது திரும்ப வரணும். வந்தாத்தான் ஒனக்கு எண்ணு. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"ஒனக்கு எண்ணு வேணும்னா என் அப்பளம் நனையணுமா? பன்னெண்டு பேரு காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு இடிச்சது, ஒனக்கு நோட்டுல எழுதுததுக்கா?"

செண்பகவல்லி மாடிக்குத் திரும்பிப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து முப்பிடாதி மாடியேறிப் பார்த்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கருவிகளில் எட்டைச் செண்பகவல்லி கழற்றி, தலையில் சுமந்து, படிக்கட்டுக்குக் கீழே அடுக்கியிருந்தாள். மேகத்தின் அடியை அளக்கிற கருவி மட்டும் மூலையில் நின்றது. மீதி மாடி வெறுமையாக, கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

"இந்தப் பக்கமும் உங்களுக்குத்தான்" என்றாள், மூச்சு வாங்க. "காலையில ரெண்டு பங்கு இடத்துல காயப்போட்டா, அது மறந்துட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்திரலாம். எடுக்க நானும் வாரேன். ஒரு அப்பளம் நனைஞ்சாலும் நான் நோட்டை மூடிருதேன்."

முப்பிடாதி வெற்று மாடியைப் பார்த்தாள். செண்பகவல்லியின் கையில் கருவியின் விளிம்பு கீறிய காயத்தைப் பார்த்தாள்.

"மஞ்சப்பொடி வை அதுல" என்றாள். "திங்கக்கிழமை ஆரம்பிப்போம்."

அன்றிலிருந்து பதினோரு நாள் கணவாய்ப்புதூர் மேகத்தின் ஞாபகத்தை வைத்துப் பொழுதை ஓட்டியது. காலை ஒன்பதுக்கு மணல் கொதிக்கும், மேகம் போகும். பன்னிரண்டே முக்காலை ஒட்டித் திரும்பி வரும். வரும் முன்னால் பன்னிரண்டு பெண்களும் செண்பகவல்லியும் பதிமூன்று பேராக ஏறி அப்பளத்தை எடுத்துவிடுவார்கள். அவள் முதல் நாள் கை நிறைய உடைத்தாள், நாலாம் நாள் அவர்களுக்குச் சமமாக எடுத்தாள். ஒரு மணிக்கு மறுபடி மணல், மறுபடி போகும், நாலே முக்காலை ஒட்டி மறுபடி வரும். காஜா மைதீன் பஸ் நிலையத்திலிருந்து அது கிளம்பியதும் போன் செய்வார்: "பாப்பா, ஆளு எந்திரிச்சாச்சு." கோமதிநாயகமே ஒரு நாற்காலி போட்டு மார்க்கெட் ரோட்டு முனையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தார். மேகம் வரும் நேரம் பற்றி ஊரில் பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கடலைக்கு மட்டும். வறுத்த கடலையின் வாசனை ஊரை விட்டுப் போகவில்லை. இருபத்திரண்டு தடவை அளந்ததில், மேகம் சுட்ட இடத்தை மூன்றே முக்கால் மணி நேரம் ஞாபகம் வைத்திருந்தது. பத்து நிமிஷம் முன்னே, பத்து நிமிஷம் பின்னே.

வியாழக்கிழமை மாலை செண்பகவல்லி எபநேசரைப் போனில் அழைத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். மணல், சட்டி, அப்பளம், பஸ் நிலையம். நடுவில் ஒரு தடவைகூட அப்படியா என்று கேட்கவில்லை.

"எத்தனை மேகம்?" என்றார்.

"ஒண்ணுதான் சார்."

"ஒரே ஒண்ணா?"

"ஆனா தினமும் வருது சார். சொன்ன நேரத்துக்கு வருது."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. "என்கிட்ட வேலை பாக்கிறவங்களே அப்படி வர்றதில்லை. சரி, எண்ணை அனுப்புங்க. முப்பது வருஷத்துக்கு ஓட்டிப் பாப்போம். சரியா வரலைன்னா பழைய முறைதான், அப்புறம் ஏழு வருஷம். மனசைத் தேத்திக்கோங்க."

மறுநாள் ஒரு மணிக்கு மணலைச் சுட்டபோது, விரட்டுவதற்கு மேகம் வரவில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். கணவாய்க்கு மேலே பத்து மணியிலிருந்தே சின்னச் சின்ன மேகங்கள் ஏறுவதும் கரைவதுமாக இருந்தன. ஒன்று கரைந்த ஈரத்தில் அடுத்தது கொஞ்சம் கூடுதலாக ஏறியது, அது கரைந்த இடத்தில் இன்னொன்று. பஸ் நிலையத்து மேகம் அவற்றின் அடியில் போய் நின்றிருந்தது. இரண்டு மணிக்கு அதுவும் ஏறத் தொடங்கியது. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாட்டினார். ஏறி, பெருத்து, முன்னே போனவற்றின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு, மூன்று மணிக்கு மலையைவிட உயரமாகி, மூன்றரைக்கு அடி கறுத்து முழங்கியது. வாகையடித் தெருவில் மூன்றரைக்கே ஓர் அப்பளம் பாக்கியில்லாமல் வீட்டுக்குள் ஏறியிருந்தது. நாலு பத்துக்கு மழை இறங்கியது. கால் குடமில்லை, ஒன்றரை மணி நேரம், குளத்தின் வெடிப்பெல்லாம் வாயை மூடுகிற மழை. கோமதிநாயகம் குடையில்லாமல் கரையில் நின்று நனைந்தார். மாடியில் செண்பகவல்லி அழுதாளா சிரித்தாளா என்று முப்பிடாதியால் சொல்ல முடியவில்லை. இருவர் முகத்திலும் தண்ணீர் ஓடியது.

மேகம் அதன்பிறகு பஸ் நிலையத்துக்குத் திரும்பவில்லை. கீரைக்காரிகள் இரண்டு நாள் குறைபட்டுக்கொண்டு, பிறகு ஈரச் சாக்குக்குத் திரும்பினார்கள்.

பூட்டுப் போடுவதற்கு முந்தின நாள், மே பதினான்கு, காலையில் எபநேசர் அழைத்தார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க கட்டத்துல மழை மூணே முக்காலுக்கு வருது" என்றார்.

"நாலு பத்துக்கு வரணும் சார். இருபத்தஞ்சு நிமிஷம் முந்துது."

"நாலு மணி நேரம் முந்தினதோட இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்மா. இருபத்தஞ்சு நிமிஷத்தை நான் பாத்துக்கறேன். உங்க வரிகளை உள்ளே வச்சாச்சு. நாளைக்குப் பூட்டறோம்."

அப்பளக் குழு மொத்தமும் திரையைப் பார்க்க மாடிக்கு வந்தது. செண்பகவல்லி அவர்களுடைய கட்டத்தைக் காட்டினாள். கொல்லத்துக்காரர்களும் இதற்குள்ளேயா என்று கேட்டு, ஆமாம் என்றதும், அவர்களுக்கும் நம்ம மணலா என்று சிரித்தார்கள். அவர்களுக்கு மட்டுமில்லை, எல்லாக் கட்டத்துக்கும் அதே வரிகள்தான் என்று அவள் பூமியை விரலால் உருட்டிக் காட்டினாள்.

ஒரு வாரம் கழித்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பிரேசில் நாட்டில், அமேசான் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரிலிருந்து மரிலேனா என்கிற பெண் எழுதியிருந்தாள். அவளும் மேகத்தோடு மல்லுக்கட்டுகிறவள்தான். எங்கள் கட்டத்திலும் இத்தனை வருஷம் மழை மத்தியானமே பெய்துவிடும், உங்கள் வரிகளை ஓட்டியதும் சாயங்காலத்துக்குப் போய்விட்டது, நிஜத்தில் இங்கே அப்போதுதான் பெய்யும், அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தாள்.

செண்பகவல்லி அதை மாடியில் வைத்து உரக்கப் படித்துச் சொன்னாள். பெண்கள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்கள். முப்பிடாதி கையை நிறுத்தினாள்.

"அவங்க ஊர்ல என்ன காயப்போடுதாங்கன்னு கேளு."

கேட்டு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. கோகோ விதை. பெரிய தளத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். மேலே ஒரு கூரை இருக்கும், அதற்குச் சக்கரம் வைத்துத் தண்டவாளத்தில் நிறுத்தியிருப்பார்கள். மழை வந்தால் இரண்டு பேர் தள்ளினால் போதும், ஒரு நிமிஷத்தில் தளம் மூடிவிடும். படமும் இணைத்திருந்தாள்.

முப்பிடாதி படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். மாடியை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து அடி அளந்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"அந்தோணியம்மா! வெல்டிங் கடைக்காரனை டேப்பை எடுத்துக்கிட்டு ஒடனே வரச் சொல்லு!"